சொந்தமாகக் கட்டிய யுகுலேலே பாட்டை நாலு பேரிடம் கொண்டுபோவது: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலில் கட்டிய பாட்டை ஒரு வியாழன் இரவு பெரிய வாட்ஸ்அப் குழு ஒன்றில் போட்டேன். எண்பதுக்கு மேல் ஆட்கள் இருந்த குழு. மறுநாள் காலை தகவல் பகுதியைத் திறந்து பார்த்தால் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருந்தார்கள். பதினொரு நாள் காத்திருந்தேன். ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்தப் பதிவைப் போனிலிருந்து அழித்துவிட்டு, நாலு தந்திச் சின்ன வாத்தியமான யுகுலேலேயை உறையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தேன். திரும்ப எடுக்க எட்டு மாதம் ஆனது.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான். யார் பதில் சொல்வது, எப்போது சொல்வது, என்ன சொல்வது என்று ஒரு ஒழுங்கு அங்கே இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது நகரம், உப்புவெளி, சீனக்குடா, கிண்ணியா என்று பல இடங்களிலிருந்து நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து பாட்டுகளைப் பரிமாறிக்கொள்கிறோம். இரண்டு வருடத்தில் ஒரு பாட்டுக்கூட பதில் இல்லாமல் போகவில்லை. அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வந்துவிடக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. வாத்தியமும் சுருதியும்

வாங்கிவிட்டீர்கள் என்றால் அடுத்த பத்திக்குப் போங்கள். வாங்கவில்லை என்றால் சொப்ரானோ அல்லது கொன்சேர்ட் என்ற சிறிய அளவுகளில் ஒன்று போதும். நான் கொடுத்தது 14,000 ரூபா. முழு மரத்தில் செய்தது நல்ல சத்தம் தரும், ஆனால் எங்கள் கடற்கரை ஈரத்தில் அது வளையும். ஒட்டுப்பலகையில் செய்தது தாங்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால் திரையில் தெரியும் விலையை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பொருளின் விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகைக்குத்தான் சுங்கத்தில் வரி போடுவார்கள். பெறுமதி சேர் வரி மட்டுமே 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். விலைச்சிட்டையை அச்செடுத்து, அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதி நான்கு தந்திக்கும் ஜி, சி, ஈ, ஏ (G, C, E, A). மேலே, உங்கள் நாடிக்குக் கிட்ட இருப்பது ஜி. அது தடித்த சுரம் இல்லை, சி, ஈ இரண்டையும்விட உயர்ந்த சுரம். கிற்றார் பழகியவர்கள் இந்த இடத்தில் குழம்பி, ஜி தந்தியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவார்கள். பரிட்டோன் என்ற பெரிய அளவு வாத்தியம் வைத்திருப்பவர்களுக்குச் சுருதி டி, ஜி, பி, ஈ (D, G, B, E). பாட்டு வரிகளை எழுதிப் பரிமாறும் பாட்டுத்தாளில் அவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் வாசித்துப் பார்க்கும்போது பாட்டே வேறாகிவிடும். சுருதி பார்க்கப் போனில் இலவசச் செயலிகள் உண்டு. ஏ தந்தி 440 ஹேர்ட்ஸ் என்று எல்லோரும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுத் தந்தி போட்டால் ஒரு வாரம் இழுபட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாரம் பதிவு செய்யாதீர்கள். முதல் பல்லவியில் சேர்ந்திருக்கும் சுருதி கடைசிப் பல்லவியில் இறங்கிவிடும். உப்புக் காற்றில் முறுக்காணியின் பல்சக்கரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

2. பாட்டைக் கட்டும்போது குறிலையும் நெடிலையும் பாருங்கள்

சி, ஏ மைனர், எஃப், ஜி7 என்ற நான்கு கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். சி கோர்ட்டுக்கு ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பிக் கட்டத்தில்) ஒரு விரல். ஏ மைனருக்கு ஜி தந்தியின் இரண்டாவதில் ஒரு விரல். அந்த விரலை எடுக்காமல் ஈ தந்தியின் முதலாவதில் இன்னொரு விரலை வைத்தால் எஃப். ஜி7 மட்டும் மூன்று விரல் கேட்கும். இதில் ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும்.

கை பழகிய பிறகுதான் சொல் சிக்கல் தொடங்குகிறது, அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் பாட்டு ஒன்றில் கோணேசர் கோயிலை நினைத்து "மலையில விளக்கெரியுது" என்று ஒரு வரி வைத்திருந்தேன். நாலு தட்டுத் தாளத்தில் முதல் தட்டு "ம" மேல் விழுந்தது, அங்கே கோர்ட்டும் மாறியது, நானும் குரலை இழுத்தேன். கேட்ட உப்புவெளி அக்கா, "பின்னேரத்தைப் பற்றிய பாட்டு நல்லாயிருக்கு தம்பி" என்று எழுதினார். நான் பாடியது மலை, அவருக்குக் கேட்டது மாலை. குறிலை இழுத்தால் அது நெடிலாகிவிடும், சொல்லே மாறிவிடும். படு பாடாகும், விடு வீடாகும்.

வழி சுலபம். கையால் நாலு தட்டு தட்டிக்கொண்டு வரியைச் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். இழுக்க வேண்டிய இடத்தில் நெடிலோ, "வள்", "கண்" போல மெய்யெழுத்தில் முடியும் அசையோ வரட்டும். குறில் வந்தால் சொல்லைத் திருப்பிப் போடுங்கள். நான் அந்த வரியை "மலை மேலே விளக்கெரியுது" என்று மாற்றி, இழுவையை "மே"க்குத் தள்ளினேன். பத்து நிமிட வேலை. பதிவு செய்வதற்கு முன் செய்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

குரலுக்குச் சி சுருதி ஒத்துவராவிட்டால் ஜி, ஈ மைனர், சி, டி7 என்ற வரிசைக்கு மாறுங்கள். எஃப் வரிசைக்குப் போகாதீர்கள், அதில் பி ஃபிளாட் வரும். புதியவர்கள் பாட்டைப் பாதியில் விடுவது பெரும்பாலும் அந்தக் கோர்ட்டில்தான்.

3. பாட்டுத்தாள்

உங்கள் பாட்டைக் கேட்பவர் அதை வாசித்தும் பார்க்க வேண்டும். வாசித்துப் பார்த்தவர் சொல்லும் கருத்துக்கும் கேட்டுவிட்டுச் சொல்லும் கருத்துக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அதற்கு ஒரு பக்கத்தில் பாட்டுத்தாள் வேண்டும்.

எல்லோரும் முதலில் செய்வது வரிக்கு மேலே கோர்ட் பெயரை எழுதுவது. கொப்பியில் அது சரி. போனில் தமிழ் எழுத்துகளுக்கு அகலம் ஒன்றுபோல் இல்லை, திரை சிறிதானால் வரியும் மடியும். கடைசியில் கோர்ட் வேறு எழுத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கோர்ட்டை வரிக்குள்ளேயே, அது மாறும் அசைக்கு முன்னால், சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். இப்படி:

[சி] வாடைக் காத்து [ஏ மைனர்] வந்திட்டுது
[எஃப்] வள்ளம் இன்னும் [ஜி7] காணவில்லை

தாளின் தலையில் ஐந்து விபரம் போதும்: பாட்டின் பெயர், எழுதியவர், இசை கட்டியவர், திகதி, சுருதி. மீட்டும் முறையையும் ஒரு வரியில் எழுதுங்கள். நாங்கள் கீழே அடிப்பதற்கு "கீ", மேலே அடிப்பதற்கு "மே" என்று வைத்திருக்கிறோம். "கீ, கீ மே, மே கீ மே" என்றால் எங்கள் ஆட்களுக்குப் புரிந்துவிடும்.

4. பதிவு செய்தல்

இதற்குக் காசு தேவையில்லை. போன் போதும், ஒலிவாங்கி வாங்க அவசரப்படாதீர்கள். நான் முதல் மாதமே 9,000 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். அது தெரு நாயின் சத்தத்தை இன்னும் தெளிவாகப் பிடித்ததுதான் மிச்சம்.

இடம்தான் முக்கியம். துணி அலுமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருங்கள். உடுப்புகள் எதிரொலியை உறிஞ்சிவிடும். போனை மேசையில் வெறுமனே வைக்காமல் மடித்த சாரத்தின் மேல் வையுங்கள், இல்லாவிட்டால் தாளம் தட்டும் காலின் அதிர்வு ஏறும். போனின் அடிப்பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும், ஒரு அடி தூரம். யுகுலேலேயின் ஓட்டைக்கு நேராக வைக்காதீர்கள், கழுத்தும் உடலும் சேரும் இடத்துக்கு நேராக வையுங்கள். ஓட்டைக்கு நேரே வைத்தால் "பொம் பொம்" என்று கேட்கும்.

அப்புறம் நேரம். என் வீடு கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி. ஆறரைக்குப் பாண் ஓட்டோ அதே மெட்டைப் பாடிக்கொண்டு வரும், பின்னேரமும் ஒரு முறை வரும். நான் கண்டுபிடித்த இடைவெளி காலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறு இருபது வரை. உங்கள் தெருவுக்கு அது வேறாக இருக்கும். ஒரு நாள் முழுக்கக் கவனித்துக் கொப்பியில் குறித்துக்கொண்டால் பிறகு அலைச்சல் இல்லை. வருடத்தின் நடுவில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு யன்னல் திறந்திருந்தால் பதிவு வீண். மாரி மழையில் தகரக் கூரை வீடு என்றால் மழை விடும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவுச் செயலியில் இரைச்சல் குறைப்பு என்று ஒன்று தானாகவே இயங்கும், அதை நிறுத்துங்கள். அது யுகுலேலேயின் மெல்லிய ஓசையையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். பாட்டுக்கு முன் நாலு தட்டு அமைதி, பாட்டு முடிந்த பிறகும் நாலு தட்டு அமைதி விடுங்கள். மூன்று முறை பாடி, அதில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். நான்காவது முறை பாடினால் நாற்பதாவது முறையும் பாடுவீர்கள், நான் பாடியிருக்கிறேன். ஒரு சின்னப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

மூலப் பதிவை வேவ் வடிவில் வைத்திருந்தால் இரட்டைத் தடத்தில் நிமிடத்துக்குப் பத்து மெகாபைட் வரும். அனுப்புவதற்கு எம்பி3 வடிவில் 128 கேபிபிஎஸ் (kbps) அளவில் மாற்றினால் நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்தான். டேட்டாவை எண்ணிப் பாவிக்கும் பிள்ளைகள் எங்களோடு இருக்கிறார்கள், அதனால் எல்லோரும் எம்பி3தான் அனுப்புகிறோம். கணினியில் ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்தச் செயலி இலவசம், மாற்றுவதற்கு இரண்டு நிமிடம். அனுப்பும்போது குரல்பதிவு பட்டனை அழுத்தாதீர்கள், ஆவணம் என்ற பகுதியால் கோப்பை அனுப்புங்கள். குரல்பதிவில் போனால் சத்தம் நசுங்கிவிடும்.

5. உரிமை: யாருக்கும் காசு கட்ட வேண்டாம்

இந்த இடத்தில் நான் 6,500 ரூபாவும் ஏழு வாரமும் இழந்தேன். பாட்டை அரசாங்கத்தில் பதிந்தால்தான் அது உங்களுடையது, இல்லாவிட்டால் யாரும் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார். கொழும்பில் பதிந்து தருகிறேன் என்று அடையாள அட்டைப் பிரதி இரண்டு, பாட்டின் சீடி, கையொப்பமிட்ட வெற்றுத்தாள் ஒன்று, காசு எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் கையில் கிடைத்தது ஒரு கடதாசி. அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டை நீங்கள் படைத்த அந்தக் கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. பொருளாதார உரிமை ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதன் பின் 70 வருடமும் நிற்கும். வெற்றுத்தாளில் எதற்கும் கையொப்பம் வைக்காதீர்கள்.

பதிவு இல்லை என்றாலும் அத்தாட்சி வைத்திருப்பது நல்லது. பாட்டு முடிந்த அன்றே பாட்டுத்தாளையும் ஒலிக்கோப்பையும் உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். திகதி அதில் விழுந்துவிடும். வெட்டித் திருத்திய கொப்பிப் பக்கங்களையும் கிழித்துப் போடாதீர்கள், திகதியோடு இருந்தால் பின்னால் உதவும்.

இரண்டு பேர் சேர்ந்து கட்டிய பாட்டாக இருந்தால் யார் சொல், யார் மெட்டு என்று தாளிலேயே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சிநேகிதர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். எங்கள் குழுவில் ஒரே ஒரு முறை மனத்தாங்கல் வந்தது, அது இதை எழுதாமல் விட்டதால்தான். வேறொருவரின் கவிதைக்கு மெட்டுப் போட்டால், அவர் உயிரோடு இருந்தால் அவரிடமும், இறந்து 70 வருடம் ஆகாவிட்டால் உரித்தாளியிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

மற்றவர்கள் உங்கள் பாட்டைப் பாடலாமா என்பதையும் தாளின் அடியில் எழுதுங்கள். நாங்கள் எழுதுவது: "யாரும் பாடலாம், பெயரைச் சொல்லவும், விற்க வேண்டாம்." இதையே முறையாகச் செய்ய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன, இலவசம். ஆனால் அந்த உரிமத்தில் ஒருமுறை வெளியிட்டுவிட்டால், அந்தப் பிரதியைப் பெற்றவர்களிடமிருந்து அனுமதியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு வாரம் யோசித்துப் போடுங்கள்.

6. யாருக்கு அனுப்புவது

பெரிய குழுவில் போடாதீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் இருந்தால் போதும், எல்லோரும் வாசிப்பவர்களாக இருக்க வேண்டும். முதல் மூன்று பேர் கிடைத்தால் மற்றவர்கள் தானாக வருவார்கள். எனக்கு முதல் ஆள் கிடைத்தது டச்சுக்குடாக் கடற்கரையில். மான்கள் மேயும் பக்கமாக இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன், தனியார் வகுப்பு முடிந்து வந்த ஒரு பிள்ளை நின்று "அங்கிள், இது சின்னக் கிற்றாரா?" என்று கேட்டது. இப்போது எங்களில் ஆகக் கூடுதலாகப் பாட்டுக் கட்டுவது அந்தப் பிள்ளைதான்.

ஒரு கிழமைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். யார் எந்தக் கிழமை என்று முன்கூட்டியே பட்டியல் போடுங்கள். பாட்டோடு ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "இரண்டாம் சரணத்தில் எந்தச் சொல் விளங்கவில்லை?", "கோர்ட் மாறும் இடத்தில் வேகம் குறைகிறதா?" என்று கேட்டால் கேட்பவருக்கும் காது எங்கே வைப்பது என்று தெரியும்.

7. பதில் சொல்வது

இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். மற்றப் படிகள் எல்லாம் பிழைத்தாலும் திருத்தலாம். இது பிழைத்தால் ஆளே போய்விடுவார்.

ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி ஒதுக்குங்கள். அந்த இருவரும் மூன்று நாளைக்குள் பதில் போட வேண்டும். மற்றவர்கள் விரும்பினால் சொல்லலாம். "எல்லோரும் பதில் சொல்லுங்கள்" என்று விட்டால் இன்னொருவர் சொல்வார் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள். ஒதுக்கப்பட்டவருக்கு வீட்டில் காய்ச்சல், வேலை என்றால் முன்கூட்டியே சொல்லி ஆள் மாற்ற வேண்டும்.

பதிலின் முதல் வரி, நீங்கள் கேட்டீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். பாட்டில் ஓர் இடத்தைத் தொட்டுச் சொல்லுங்கள். "ஒரு நிமிடம் பத்தாவது செக்கனில் மீட்டாமல் ஒரு தட்டு விட்டீர்கள், அங்கே எனக்கு மூச்சு நின்றது" என்று ஒருவர் எனக்கு எழுதினார். அந்தத் தட்டை நான் வேண்டுமென்று விட்டிருந்தேன். ஒருவர் அதைக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அன்றிரவே அடுத்த பாட்டைத் தொடங்கினேன். கைதட்டும் படமும் பூப்படமும் பதிலாகாது, அவற்றை வேண்டுமானால் கடைசியில் போடுங்கள்.

திருத்தம் சொல்வதாக இருந்தால் முதலில் கேளுங்கள்: "ஒரு விஷயம் சொல்லலாமா?" சொல்லுங்கள் என்றால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். எங்களில் ஓர் அண்ணன் நல்ல இசை ஞானம் உள்ளவர், சங்கீதம் முறையாகப் படித்தவர். ஆரம்பத்தில் ஒரு புதிய தங்கச்சியின் பாட்டுக்கு ஏழு திருத்தம் எழுதினார், ஏழும் சரி. அந்தத் தங்கச்சி இரண்டு மாதம் பாட்டே அனுப்பவில்லை. பிறகு அந்த அண்ணனே போன் எடுத்துப் பேசி அழைத்து வந்தார், அன்றிலிருந்து அவரும் ஒன்றுதான் சொல்வார். அந்த ஒன்றும் ஆளின் குரலைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பாட்டில் மாற்றக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

நல்ல பதிலுக்கு இன்னொரு வழி, அந்தப் பாட்டை நீங்களே வாசித்து அனுப்புவது. ஒரு பல்லவி போதும். கிண்ணியாவில் கடற்றொழில் செய்யும் ஒரு நானா எங்களோடு இருக்கிறார். அவர் நீளமாக எழுத மாட்டார், பாடித்தான் பதில் அனுப்புவார். கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்களே, ஒருவர் வரி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள், அதே பழக்கம். நான் கட்டிய வரி அவருடைய குரலில் திரும்பி வந்தபோது அது என் பாட்டு என்றே முதலில் தெரியவில்லை. என் பாட்டில் எந்த இடம் இறுக்கமாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது, அவர் அந்த இடத்தைத் தானாகவே தளர்த்திப் பாடியிருந்தார்.

பதில் வாங்குபவருக்கும் ஒரு வேலை உண்டு. விளக்கம் கொடுக்காதீர்கள். "நான் அதை நினைத்துத்தான் அப்படி வைத்தேன்" என்று எழுதத் தொடங்கினால் அடுத்த முறை யாரும் மனம் திறக்க மாட்டார்கள். நன்றி சொல்லி, இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.

8. நேரில் கூடுவது

மாதம் ஒரு முறை கூடினால் நல்லது. நாள் பார்ப்பதுதான் பெரிய பாடு. சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு. வெள்ளி மத்தியானம் முஸ்லிம் சகோதரர்களுக்குத் தொழுகை. கடைசியில் போயா நாள் பின்னேரம் என்று முடிவு செய்தோம், அன்று அலுவலகமும் இல்லை, வகுப்பும் இல்லை. நோன்பு மாதத்தில் மட்டும் காலைக்கு மாற்றுவோம். வெசாக் போயாவை விட்டுவிடுங்கள், தெருவில் நகர முடியாது.

ஒலிபெருக்கி இல்லாமல் கூடுங்கள். பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு விறாந்தையில் யுகுலேலே தாராளமாகக் கேட்கும். எங்கள் செலவு பிளேன்டீ, வடை, பாட்டுத்தாள் பிரதி எல்லாம் சேர்த்து ஒரு கூட்டத்துக்கு 2,000 ரூபாவைத் தாண்டியதில்லை. சனசமூக நிலையம் கிடைத்தால் ஒரு கடிதம் கொடுத்து எடுக்கலாம். திறப்பு யாரிடம் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒரு முறை நாங்கள் திறப்புக்காக ஒன்றரை மணித்தியாலம் வாசலில் நின்றோம்.

ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் பொலிஸ் அனுமதி வேண்டும். நான் கொண்டுபோனவை: நிகழ்ச்சியின் திகதி, நேரம், இடம் எழுதிய வேண்டுகோள் கடிதம், பொறுப்பாளரின் அடையாள அட்டைப் பிரதி, இடத்துக்காரரின் சம்மதக் கடிதம். முதல் முறை சம்மதக் கடிதம் இல்லாமல் போய்த் திரும்பினேன். இரண்டு வாரத்துக்கு முன்பே போங்கள், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்திருங்கள். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கொடுப்பதில்லை, அதனால் கடிதத்தில் முடியும் நேரத்தை ஒன்பதரை என்று எழுதுங்கள். கடற்கரையில் மேடை, கதிரை போட்டுச் செய்வதென்றால் உள்ளூராட்சி சபையிலும் விசாரியுங்கள். சும்மா ஐந்தாறு பேர் மணலில் இருந்து வாசிப்பதற்கு எங்களை இதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சங்கமாகப் பதிவது, வங்கிக் கணக்கு திறப்பது எல்லாம் முதல் வருடம் வேண்டாம். யாப்பு, அங்கத்தவர் பட்டியல், கூட்ட அறிக்கை என்று பாட்டுக்குப் போக வேண்டிய நேரம் அதற்குப் போய்விடும்.

9. பொதுவில் போடுவது

குழுவில் இரண்டு, மூன்று முறை திருத்தப்பட்ட பாட்டை யூடியூபில் போடலாம். பின்னணிக்கு "இலவசத் தாளம்" என்று கிடைப்பதைச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்தேன். இரண்டாம் நாள் ஒரு நிறுவனம் அந்தத் தாளம் தன்னுடையது என்று என் பாட்டின் மேல் உரிமை கோரியது. நான் ஆட்சேபம் போட்டேன். உரிமை கோரியவருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு, பதில் வராவிட்டால் கோரிக்கை விழுந்துவிடும். எனக்கு முழு 30 நாளும் போனது. அதற்குப் பிறகு தாளத்துக்கு மேசையைத் தட்டுகிறோம், ஒரு சிக்கலும் இல்லை.

ஆட்சேபம் போடும் முன் உங்கள் பக்கம் சரியா என்று பாருங்கள். தாளத்தை எங்கிருந்து எடுத்தீர்கள், அங்கே என்ன உரிமம் எழுதியிருந்தது என்பதன் ஸ்கிரீன்ஷொட் கையில் இருக்க வேண்டும். பொய்யாக ஆட்சேபித்தால் அது பதிப்புரிமை மீறல் எச்சரிக்கையாகத் திரும்பி வரலாம். 90 நாளுக்குள் அப்படி மூன்று வந்தால் கணக்கே போய்விடும்.

காணொளி எடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம். பின்னால் மதிலோ காவலரணோ தெரியும்படி கமராவை வைக்காதீர்கள். அங்கே நிற்பவர் சொன்னால் உடனே நிறுத்தி, எடுத்ததை அவர் முன்னாலேயே காட்டிவிடுங்கள். உப்புவெளிக் கரையில் கடலைப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை, காலை ஏழு மணிக்கு முன் வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை முகம் தெரியப் பாடினால் தாயோ தகப்பனோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயர், பாட்டின் பெயர், எங்கே போடப்போகிறோம், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்ற நான்கும் அந்தக் கடிதத்தில் இருக்கும். டச்சுக்குடாவில் என்னிடம் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையின் அம்மா கடிதத்தை வாசித்துவிட்டு, "முதலில் பாட்டைக் கேட்கலாமா?" என்றார். குசினி வாசலில் நின்றபடியே போனில் கேட்டார். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னார், அதற்குப் பிறகுதான் பேனையை எடுத்தார்.